மூத்தவளின் இடுப்பில்: பெரிய குடும்பங்களில் பிள்ளை வளர்த்தது யார்?

1. கேள்வி

என் அம்மா ஒன்பது பேரில் மூத்தவர். பள்ளிக்குப் போன வருஷங்களைப் பற்றிக் கேட்டால் ஆண்டுக் கணக்கில் பதில் வராது. "நாலாவது பொறந்தப்ப நான் மூணாம் வகுப்பு. அஞ்சாவது பொறந்தப்ப அஞ்சாம் வகுப்பு. அதோட சரி" என்பார். தம்பி தங்கைகளின் பிறப்புதான் அவருக்குக் காலண்டர். ஐந்தாவது குழந்தை பிறந்ததும் ஏன் பள்ளி நின்றது என்று ஒருமுறை கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "புள்ளைய யாரு வச்சிக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்தத் திருப்பிக் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறது. எட்டு, ஒன்பது, பத்து என்று பிள்ளைகள் பிறந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களில், ஏறத்தாழ 1930களிலிருந்து 1970கள் வரை, பிள்ளைகளை அன்றாடம் வளர்த்தது யார்? பெற்றது தாய், உணவுக்கு உழைத்தவர்கள் தாயும் தந்தையும். ஆனால் தூக்கிச் சுமந்தது, குளிப்பாட்டியது, ஊட்டியது, தூங்கவைத்தது, அடுத்த பிள்ளை வந்தபின் முந்தைய பிள்ளையைத் தேற்றியது ஆகிய வேலைகளின் பெரும்பகுதி மூத்த மகளிடம் இருந்தது என்பது என் வாதம். பெரிய குடும்பத்தைப் புகழ்ந்தவர்களும் சரி, பழித்தவர்களும் சரி, இவளைக் கணக்கில் எடுக்கவில்லை. இவளை நடுவில் வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்த வரலாற்றையே வேறு விதமாகப் படிக்கவேண்டியிருக்கும்.

2. தாயின் சராசரியும் பிள்ளையின் சராசரியும்

முதலில் எண்ணிக்கையில் உள்ள ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1950களில் இந்தியப் பெண் ஒருவர் சராசரியாக ஏறத்தாழ 6 பிள்ளைகளைப் பெற்றார். அப்படியானால் அன்றைய குழந்தை ஒன்று சராசரியாக ஆறு பேர் கொண்ட கூட்டத்தில் வளர்ந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். அது சரியல்ல.

மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரஸ்டன் 1976இல் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். இரண்டு தாய்மார்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 2 பிள்ளைகள், மற்றவருக்கு 8. தாய்மாரைக் கேட்டால் சராசரி 5. பத்துப் பிள்ளைகளையும் தனித்தனியே நிறுத்தி, உன் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் எட்டுப் பேர் 8 என்பார்கள், இரண்டு பேர் 2 என்பார்கள். சராசரி 6.8. பெரிய குடும்பத்தில்தான் பிள்ளைகள் அதிகம். ஆகவே பிள்ளைகளின் அனுபவத்தில் குடும்பம் எப்போதும் தாயின் கணக்கைவிடப் பெரிதாகவே இருக்கும். நம் அரசு ஆவணங்கள் தாயின் கணக்கையே எழுதின. பிள்ளையின் கணக்கு யாராலும் எழுதப்படவில்லை.

இன்னொரு கணக்கும் போடலாம். முதல் குழந்தை பிறந்தபோது தாய்க்கு வயது 17 என்றும் இரண்டரை ஆண்டுக்கு ஒரு பிள்ளை என்றும் வைத்துக்கொண்டால், ஒன்பதாவது பிறக்கும்போது தாய்க்கு 37, மூத்தவளுக்கு 20. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மறு கர்ப்பம் தள்ளிப்போவதால் கருத்தடை ஏதுமின்றியே இந்த இடைவெளி வந்துவிடும். மூத்தவளின் வயதை வைத்து அந்த வீட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். அவள் பேசத் தொடங்கிய நாள் முதல் கல்யாணமாகிப் போகும் நாள் வரை அந்த வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இல்லாத ஒரு நாள்கூட இல்லை.

குழந்தைச் சாவுகளையும் சேர்க்கவேண்டும். 1971இல்கூட இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 ஓராண்டு முடியுமுன் இறந்தன. ஒன்பது பெற்றவர் சராசரியாக ஒன்றையேனும் பறிகொடுத்தார். அதற்கு முந்தைய தலைமுறைகளில் இன்னும் அதிகம். குப்பை, பிச்சை என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தது இந்தப் பயத்தில்தான். முன் பிறந்தவை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து அந்தப் பெயரை இட்டார்கள். இறந்த குழந்தையையும் அதற்கு முன் சில மாதம் இடுப்பில் வைத்திருந்தவள் அக்காதான். அந்தத் துக்கத்தைப் பற்றி யாரும் அவளிடம் விசாரித்ததில்லை.

3. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

பெரிய குடும்பத்தைப் பற்றி நம்மிடையே பல பேச்சுகள் உண்டு. முதலாவது வாழ்த்து. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்லும் வாழ்த்தில் பதினாறு என்பது பேறுகளைக் குறிக்கும் என்று கற்றவர்கள் விளக்குவார்கள். கல்யாண வீட்டில் கேட்டவர்கள் அதைப் பிள்ளைகள் என்றே எடுத்துக்கொண்டார்கள். நிறைந்த வீடு, கூடி உண்ட சோறு, ஒருவருக்கொருவர் துணை என்று இன்று எழுதப்படும் நினைவுக் குறிப்புகள் இந்த வாழ்த்தின் தொடர்ச்சி. அவற்றைப் பெரும்பாலும் எழுதுகிறவர்கள் வீட்டின் இளைய ஆண்பிள்ளைகள். அவர்கள் தூக்கப்பட்டவர்கள்.

இரண்டாவது பேச்சு அரசாங்கத்தினுடையது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி, மூன்றோ அதற்கு மேலோ பெற்ற பெண், அவற்றில் ஒன்றேனும் உயிரோடிருக்க மேலும் பெறுவதை 'முன்யோசனையற்ற தாய்மை' என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். 1952இல் இந்தியா அரசின் அதிகாரபூர்வத் திட்டமாகவே குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது. பிறகு சிவப்பு முக்கோணம் வந்தது, 'நாமிருவர் நமக்கிருவர்' என்பது சுவரெங்கும் எழுதப்பட்டது. இந்தப் பேச்சில் குற்றவாளி தாய். கருத்தடைக்கு வழியில்லாத, மறுக்கும் உரிமையும் இல்லாத பெண்ணை முன்யோசனை இல்லாதவள் என்றது கொடுமை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, அதற்கும் முன்பே தமிழில் எழுந்த குரல். கர்ப்பத்தடையை மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் சொத்து சிதறாமலிருக்கவும் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார் பெரியார். அன்றைய தமிழ்ச் சூழலில் அது முன்னோடியான நிலைப்பாடு. தென்னிந்தியக் கருத்தடை வரலாற்றை ஆராய்ந்த சாரா ஹாட்ஜஸ், 1920களிலும் 1930களிலும் சென்னையில் இந்த விவாதம் எவ்வளவு விரிவாக நடந்தது என்பதைக் காட்டியிருக்கிறார். ஆனால் அந்த விவாதத்தின் நடுவில் இருந்தவளும் தாயாகும் பெண்தான். அவள் பெற்ற முதல் மகளின் விடுதலை தனியே பேசப்படவில்லை.

நான்காவது பொருளியல் விளக்கம். பஞ்சாபின் கன்னா பகுதியில் 1950களில் நடந்த கருத்தடைச் சோதனை பெரிய பலன் தராமல் போனது. அதே பகுதியில் மனுப்பூர் என்னும் ஊருக்குப் போன மஹ்மூத் மம்தானி, பிள்ளைகள் உழைப்புக்குத் தேவைப்பட்டதால்தான் மக்கள் பெற்றார்கள், அறியாமையால் அல்ல என்று 1972இல் எழுதினார். மீட் கெய்ன் வங்கதேசக் கிராமம் ஒன்றில் நேரத்தை அளந்து பார்த்து, ஆண்பிள்ளை சுமார் 12 வயதிலேயே தான் உண்பதைவிட அதிகம் உழைத்துக் கொடுக்கிறான், 15 வயதுக்குள் அதுவரை உண்டதையும் ஈடுசெய்துவிடுகிறான் என்று 1977இல் கணக்குக் காட்டினார். ஜான் கால்ட்வெல் இதைக் கோட்பாடாக்கினார்: செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோரை நோக்கி ஓடும்வரை பிள்ளைகள் அதிகம் பிறப்பார்கள், ஓட்டம் திரும்பினால் பிறப்பு குறையும்.

இந்த விளக்கங்களில் நான்காவதுதான் நம் கேள்விக்கு அருகில் வருகிறது. பிள்ளையின் உழைப்பை அது பார்க்கிறது. ஆனாலும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. ஓட்டம் கீழிருந்து மேலே, அல்லது மேலிருந்து கீழே என்று மட்டுமே கால்ட்வெல் பேசுகிறார். மூத்தவளின் உழைப்பு பெற்றோரை நோக்கி மட்டும் போகவில்லை. அது பக்கவாட்டில், தம்பி தங்கைகளை நோக்கி ஓடியது. அந்த ஓட்டம் மட்டும் எதிர்த்திசையில் திரும்பவே இல்லை.

4. சவலை

தமிழில் ஒரு சொல் இருக்கிறது: சவலை. அடுத்த கர்ப்பத்தால் தாய்ப்பால் நின்றுபோய் மெலிந்துவிட்ட குழந்தையைச் சவலைப்பிள்ளை என்பார்கள். யாப்பில்கூட, குறைபட்டு நிற்கும் ஒரு வெண்பாவைச் சவலை வெண்பா என்றே அழைத்தார்கள். அவ்வளவு பழகிய சொல், அவ்வளவு பழகிய காட்சி.

1930களில் மேற்கு ஆப்பிரிக்கக் கோல்டு கோஸ்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், வயிறு வீங்கி முடி நிறம் மாறி இறந்த குழந்தைகளைக் கண்டு, அவ்வூர் மக்கள் அந்த நோய்க்குச் சொல்லிவந்த பெயரையே மருத்துவ உலகுக்குக் கொண்டுசென்றார். குவாஷியோர்கர் என்ற அந்தப் பெயர், அடுத்த குழந்தை வந்ததும் இடம்பெயர்க்கப்பட்ட குழந்தைக்கு வரும் நோயைக் குறிக்கும் கா மொழிச் சொல். ஆப்பிரிக்கத் தாய்மாரும் தமிழ்த் தாய்மாரும் ஒரே உண்மையைத் தத்தம் மொழியில் பெயரிட்டு வைத்திருந்தார்கள். தொடர்ந்த பிரசவங்களால் தாயின் உடல் கரைவதைப் பற்றி மருத்துவர் ஜெலிஃப் 1960களில்தான் மருத்துவ நூல்களில் எழுதினார். பச்சை உடம்பு காய்வதற்குள் மறுபடியும் உண்டாகிவிட்டாள் என்று நம் ஊர்க் கிழவிகள் அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இடம்பெயர்க்கப்பட்ட அந்தக் குழந்தை எங்கே போயிற்று? எந்த அகராதியும் இதைச் சொல்லாது. அது அக்காவின் பாய்க்குப் போயிற்று.

அம்மா இதை விவரித்துக் கேட்டிருக்கிறேன். பேறுகாலத்துக்கு உள்ளறையில் இடம் ஒதுக்கி, மருத்துவச்சி வந்து போனபின், அதுவரை தாயின் பக்கத்தில் படுத்திருந்த இரண்டரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் அவர் பக்கத்தில் போடுவார்கள். முதல் நாலைந்து இரவு அது தூங்காது. உள்ளறைக் கதவையே பார்த்து அழும். தாய்ப்பால் மறக்க வேப்பெண்ணெய் தடவிய கதையெல்லாம் அதற்கு முன்னமே முடிந்திருக்கும். பத்து வயதுச் சிறுமி அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்கும் கிணற்றடிக்குமாக இருட்டில் நடப்பாள். பசிக்கு வடித்த கஞ்சியில் கருப்பட்டியைக் கரைத்து ஊட்டுவாள். ஒரு வாரம் போனபின் ஒரு ராத்திரி அது அவளுடைய தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு தானாகத் தூங்கிவிடும். "அன்னையிலேர்ந்து அது எம்புள்ள" என்பார் அம்மா. இப்படி ஐந்து பிள்ளைகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவர் பாய்க்கு வந்தன.

பெரிய குடும்பம் நிலைத்து நின்றது இந்தக் கைமாற்றத்தால்தான் என்று கருதுகிறேன். அது நடக்காத வீடுகளில் சவலைப்பிள்ளை பிழைப்பது கடினமாகியிருக்கும். மூத்தவளின் பாய், மருத்துவப் பொருளிலேயே ஓர் உயிர்காக்கும் ஏற்பாடாக இருந்தது.

5. பதினொரு பேருக்கு ஒரு நாள்

ஒன்பது பிள்ளைகள், தாய், தந்தை. பதினொரு பேர். குழாய் வராத ஊர். குடிக்கவும் சமைக்கவும் கைகால் கழுவவும் ஆளுக்கு 20 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 220 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் 15 நடை. குளியலும் துணி துவைப்பதும் ஆற்றிலோ குளத்திலோ நடந்தால் இந்தக் கணக்கு. இல்லாவிட்டால் இரட்டிப்பாகும். மழலைகளின் மூத்திரத் துணிகள் தனிக் கணக்கு.

நெல்லை வீட்டிலேயே குத்திய காலத்தில் உலக்கை போடவும், மில்லில் அரைக்கத் தொடங்கியபின் வரிசையில் நிற்கவும், விறகு பொறுக்கவும், அம்மியில் மிளகாய் அரைக்கவும் ஆள் வேண்டும். இட்லி தோசை அந்த வீடுகளில் விசேஷ நாள் பண்டம். பதினொரு பேருக்கு ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது அரை நாள் வேலை என்பதால்தான் அது விசேஷமாக இருந்தது. விடிந்ததும் பழைய சோறும் நீராகாரமும். வெங்காயமோ ஊறுகாயோ தொட்டுக்கொள்ள.

ராத்திரிச் சோறு போடும் விதத்தைக் கவனித்தால் பங்கீட்டின் நுட்பம் தெரியும். மீந்த குழம்பையும் சோற்றையும் ஒரே சட்டியில் போட்டுப் பிசைந்து, வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையில் ஆளுக்கோர் உருண்டை வைப்பார்கள். நிலா வெளிச்சத்தில் உண்ட அந்த உருண்டையின் ருசியைப் பற்றி எழுதாதவர் குறைவு. ருசி உண்மைதான். ஆனால் தட்டில் போட்டால் யாருக்கு எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும், பிசைந்து உருட்டினால் இருப்பதைக் கொண்டு எல்லாருக்கும் ஒரே அளவாகக் காட்டலாம். பற்றாக்குறையைப் பிள்ளைகள் உணராதபடி பரிமாற ஏழை வீடுகள் கண்ட வழி அது. சட்டியை வழித்து உண்பவர்கள் தாயும் மூத்தவளும். வழிக்க ஒன்றுமில்லாத நாளும் உண்டு.

உடையில் தீபாவளிக்கு ஒரே துணியில் முழுப்பீஸ் எடுத்து எல்லாருக்கும் தைப்பது. மூத்தவளின் பாவாடையை விளிம்பு மடித்துத் தைத்து, அவள் வளர வளர மடிப்பைப் பிரித்து, அவளுக்குப் போதாமல் போனதும் அடுத்தவளுக்கு, அதற்கடுத்தவளுக்கு, கடைசியில் அது தூளித் துணியாகிக் கரித்துணியாகி முடியும். பாடப்புத்தகங்களும் அப்படியே கைமாறின. தலையில் பேன் வாரி எடுப்பது, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போடுவது, சிரங்குக்கு மருந்து பூசுவது எல்லாம் வரிசையாக உட்காரவைத்துச் செய்யும் வேலைகள். கக்குவானோ மணல்வாரியோ ஒன்றுக்கு வந்தால் வீடு முழுக்க ஒரு சுற்று வந்து முடிய இரண்டு மாதம் ஆகும்.

இந்த வேலைகளில் எதுவும் எந்த ஆவணத்திலும் வேலை என்று பதியப்படவில்லை. இந்தியாவில் நாடு தழுவிய முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இல்தான் நடந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக அது காட்டியது. மின்சாரமும் குழாயும் கேஸ் அடுப்பும் வந்தபின், குடும்பம் சுருங்கியபின் எடுத்த கணக்கு இது. 1955இல் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஒரு நாளை யாரேனும் அளந்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டமும் குடும்பத்துக்குள் நடக்கும் உழைப்பைத் தன் தடைக்கு வெளியே வைத்தது.

6. எல்லா மூத்தவர்களும் ஒருவரல்ல

இந்தச் சித்திரத்தைச் சாதி, வர்க்கம் பாராமல் எல்லா வீட்டுக்கும் பொருத்தக் கூடாது. வசதியுள்ள வீடுகளில் ஆள் வைத்துக்கொண்டார்கள். உயர்சாதி வீடுகளில் பிள்ளை வளர்க்கும் சுமையை இளம் வயதில் கணவனை இழந்த அத்தையோ பெரியம்மாவோ சுமந்தார்கள், அது இன்னொரு கொடுமை. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களில் தாய் விடியுமுன் வயலுக்குப் போனதால், ஏழு வயதுப் பெண்ணே கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்போரம் போய்ப் பால் கொடுக்கவைத்துத் திரும்பினாள். சிவகாசி, சாத்தூர்ப் பகுதியில் பெண்பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுகளுக்கே போனார்கள். அங்கே மூத்தவள் ஊட்டியதோடு சம்பாதித்தும் போட்டாள்.

மூத்த ஆண்பிள்ளையும் பலவற்றை இழந்தான். பத்தாவது முடித்ததும் கடைக்கோ பம்பாய்க்கோ போய்த் தங்கைகளின் கல்யாணத்துக்குப் பணம் அனுப்பிய அண்ணன்மார் கதை தனியாக எழுதத்தக்கது. ஆனால் அவனுடைய தியாகம் ஊரறிய நடந்தது, மணியார்டரில் வந்தது.

இன்னொரு சான்று என் வாதத்தைச் சிக்கலாக்குகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. மோனிக்கா தாஸ் குப்தா அதே கன்னா ஊர்களில் மீண்டும் ஆய்வு செய்து 1987இல் வெளியிட்ட கட்டுரை, முதல் பெண்குழந்தையைவிட, ஏற்கெனவே அக்கா இருக்கும் வீட்டில் பிறந்த பெண்குழந்தைகளே அதிகம் இறந்தார்கள் என்று காட்டியது. அப்படியானால் மூத்தவள் பாதிக்கப்பட்டவளா, பாதுகாக்கப்பட்டவளா? இரண்டும்தான். உழைப்புக்குத் தேவை என்பதால் அவள் உயிர் காக்கப்பட்டது. அந்தத் தேவை தீர்ந்தபின் பிறந்தவளுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. பஞ்சாப் தமிழ்நாடு அல்ல. ஆனால் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களைத் தாங்கிய பெண்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழி நம்முடையது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டியிருந்ததும் இங்கேதான்.

கல்வியைப் பற்றிய சான்று நாட்டுக்கு நாடு மாறுகிறது. நார்வேயின் பதிவேடுகளைக் கொண்டு நடந்த ஆய்வில் (2005) முதலில் பிறந்தவர்களே அதிகம் படித்தவர்களாக இருந்தார்கள். தைவானில் பாரிஷும் வில்லிஸும் 1993இல் கண்டது நேர்மாறானது. அங்கே மூத்த பெண்கள் சீக்கிரம் பள்ளியை விட்டு வேலைக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள், அவர்களுக்குப் பின் வந்தவர்கள் படித்தார்கள். அக்கா இருப்பதே ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவியாயிற்று. நம் ஊர்க் குடும்பங்களை அறிந்தவர்களுக்குத் தைவான் தூரத்தில் இல்லை. ஒன்பது பேர் கொண்ட வீட்டில் மூத்தவள் ஐந்தாம் வகுப்பு, நடுவில் ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி., கடைக்குட்டி பட்டதாரி என்ற வரிசையை ஆயிரம் வீடுகளில் காணலாம். என் அம்மா வீட்டிலும் அதுதான். கடைசி மாமா பொறியாளர்.

7. கடன் திரும்பியதா?

அக்காவுக்கு மரியாதை கொடுத்தார்களே என்று சிலர் சொல்லக்கூடும். கொடுத்தார்கள். பெரியக்கா சொல்லுக்கு வீட்டில் எதிர்ச்சொல் இல்லை. அவள் பிள்ளைகளுக்குக் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாவற்றிலும் தாய்மாமன் சீர் வந்தது. தாய்மாமன் உறவின் சிறப்பைச் சொந்தபந்த அமைப்பின் வழியாகவே மானிடவியலாளர்கள் விளக்குவார்கள். அதோடு நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தன்னைத் தூக்கி வளர்த்தவளின் பிள்ளைக்குத் தம்பி செய்யும் சீரில், நன்றிக்கடனின் ஒரு பகுதியும் இருக்கிறது. சீர்த்தட்டைத் தூக்கி வரும் மாமனின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

அக்காள் மகளைக் கட்டும் வழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மேலே போட்ட கணக்கில் மூத்தவள் 18 வயதில் கல்யாணமாகி 20இல் பெண்குழந்தை பெற்றால், அதுவும் அவளுடைய கடைசித் தம்பியும் ஒரே வயது. தாயும் மகளும் ஒரே வீட்டில் ஒரே சமயம் பேறுகாலத்தில் இருந்தது அன்று அதிசயமல்ல. மாமன் முறைக்காரனுக்கும் அக்காள் மகளுக்கும் வயதுப் பொருத்தம் அமைந்ததே குடும்பங்கள் இவ்வளவு நீண்டதால்தான். அதன் விளைவு: தான் இடுப்பில் சுமந்த தம்பியே மருமகனாக வந்தான், மூத்தவளின் உழைப்பு அவள் மகள் மூலமாக மறுபடியும் பிறந்த வீட்டுக்கே போயிற்று. இது ஊகமே. ஆனால் எண்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன.

சொத்தில் கடன் திரும்பவில்லை. தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் 1989இல்தான் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. நான் பேசும் மூத்தவர்கள் அனைவரும் அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றவர்கள்.

தமிழ் சினிமா இவளை ஆய்வாளர்களுக்கு முன்பே பார்த்துவிட்டது. கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்' (1973) பிள்ளைகள் நிறைந்த வைதிகக் குடும்பத்தின் மூத்த பெண்ணைப் பற்றியது. அடுத்த ஆண்டு வந்த 'அவள் ஒரு தொடர்கதை' குடும்பத்தையே தோளில் தாங்கும் வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றியது. இரண்டும் பெரும் விவாதத்தை எழுப்பின. ஆனால் அவை அவளைச் சம்பாதிப்பவளாகக் காட்டின. சம்பாதிக்காமல் சுமந்தவளைப் பற்றிய படம் நான் அறிந்தவரை எடுக்கப்படவில்லை.

8. இடுப்பிலிருந்து எப்போது இறங்கியது?

1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் சராசரி 4க்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. 1993 வாக்கில் அது 2.1ஐத் தொட்டது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 1.8. இந்த வேகமான சரிவுக்கு அறுவைச் சிகிச்சை முகாம்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், சாலைகள், கல்யாண வயது உயர்ந்தது, குழந்தைச் சாவு குறைந்தது, சுயமரியாதை இயக்கம் பண்படுத்திய மனம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. 1,000க்கு 113 என்று 1971இல் இருந்த தமிழ்நாட்டின் குழந்தைச் சாவு 2020இல் 13 ஆயிற்று. பிறந்தது தங்கும் என்ற நம்பிக்கையைவிட வலிமையான கருத்தடை இல்லை.

என் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடவில்லை. இரண்டு வயது கடந்த குழந்தைகளையும் ஊர் மையத்தில் சேர்த்தது. அதற்குச் சற்று முன்பே, 1975இல், மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியிருந்தது. இவற்றைப் பசியோடும் எடையோடும் மட்டுமே இணைத்துப் பேசுகிறோம். குழந்தைப் பராமரிப்பையும் ஏழைப் பெண்களின் உழைப்பையும் பிரிக்கவே முடியாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன். அவர் காட்டிய திசையில் ஓர் அடி வைத்தால் போதும். பகல் முழுக்க இரண்டு வயதுக் குழந்தையை ஆயாவும் டீச்சரும் பார்த்துக்கொண்டால், விடுதலையாவது யார்? தாய் ஏற்கெனவே வயலில்தான் இருந்தாள். விடுதலையானவள் அக்கா. ஊர்ப் பள்ளியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சிறுமி, தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஸ்லேட்டோடு முன்னால் வந்தாள்.

1989இல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் எட்டாம் வகுப்பை நிபந்தனையாக்கியது. பெண்ணின் கல்யாண வயது 18 என்ற சட்டம் 1978இலேயே வந்துவிட்டது. ஒவ்வொன்றும் மூத்தவளை இன்னும் இரண்டு வருஷம் பள்ளியில் வைத்தது. படித்த மூத்தவள் தாயானபோது இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். தன் தாய் பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்தவளும், அந்தப் பாட்டில் பாதியைத் தானே பட்டவளும் அவள்தான். தமிழ்நாட்டின் பிறப்பு விகிதச் சரிவில் அரசின் பங்கு எவ்வளவு, சமூக இயக்கத்தின் பங்கு எவ்வளவு என்று விவாதிக்கிறோம். மூத்த மகள்கள் எடுத்த முடிவின் பங்கு எவ்வளவு என்று இனிமேலாவது ஆராயவேண்டும்.

இன்று குறைந்த பிறப்பு விகிதத்தால் மாநிலம் நாடாளுமன்ற இடங்களை இழக்கும் என்ற நியாயமான கவலையிலிருந்து, மீண்டும் பிள்ளைகளை அதிகம் பெறச் சொல்லும் குரல்கள் மேடைகளில் எழுகின்றன. தொகுதிப் பங்கீட்டில் நடக்கும் அநியாயத்துக்கு அரசியல் தீர்வுதான் தேடவேண்டும். பெண்ணின் வயிற்றில் அதற்குத் தீர்வு தேடுகிறவர்கள், அந்தப் பிள்ளைகளை யாருடைய இடுப்பில் வைக்கப்போகிறோம் என்பதை முதலில் சொல்லட்டும்.

பெரிய குடும்பங்களின் மூத்த பெண்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களுடைய உழைப்புக்கு ஆவணம் கிடையாது, நினைவு மட்டும்தான் இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் பெரியம்மாவிடமோ பெரிய அத்தையிடமோ இரண்டே கேள்விகள் கேளுங்கள்: எந்த வகுப்பில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினீர்கள், அப்போது உங்கள் இடுப்பில் இருந்தது யார்? சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள்.